நின்ற கால்

அவரை நினைத்தால் எனக்கு முகம் வருவதில்லை, கால்தான் வருகிறது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் ஐந்தாம் மாடி வீடொன்றின் வரவேற்பறை. தாழ்ந்த கண்ணாடி மேசையின் மேல், பலகாரத் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நீட்டிக் கிடந்த இரண்டு வெறும் கால்கள். குதியில் பாளம் பாளமாக வெடிப்பு. இடக் கெண்டையில் நீல நரம்புகள் ஏழு முடிச்சாகப் புடைத்திருந்தன. நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குள் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ. குறை நினையாதேங்கோ, இது நிண்ட கால்" என்றார்.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அது ஒரு வியாதி என்று என் மகள் சொல்வாள். அந்த மகளுக்காகத்தான் ஜெர்மனிக்குப் போயிருந்தேன். ஊரில் சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய மகனை என் மகளுக்குப் பேசியிருந்தார்கள். வுப்பர்டாலில் இருக்கும் என் தங்கை வீட்டில் தங்கி, மாப்பிள்ளை வீட்டாரை நேரில் பார்த்து, ஓம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது என் பொறுப்பு. கொழும்பில் வங்கி ஒன்றில் வேலை செய்துகொண்டு மகள் என் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அன்று அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மெலிந்த, சத்தமில்லாத பெண். கோப்பையை வைத்த கையோடு ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, நகவெட்டியோடு தரையில் உட்கார்ந்தார். அவர் மேசையிலிருந்து இடக்காலை எடுத்து, பார்க்காமலே, மனைவியின் மடியில் போட்டார். விருந்தாளி இருக்கிறான், பலகாரம் இருக்கிறது என்ற எண்ணம் இருவருக்கும் இல்லை. கொம்பு மாதிரித் தடித்த நகங்கள். ஒவ்வொன்றும் டக்கென்று ஒரே துண்டாகத் தெறித்தது. இடக்கால் முடிந்ததும் வலக்காலும் மடிக்கு வந்தது. விரல் பத்து. தாளில் விழுந்த துண்டுகள் ஏழு. மற்ற மூன்றும் எங்கே போயின என்று தேடிய என் கண் முறுக்குத் தட்டில் வந்து நின்றது. அந்த வீட்டில் நான் அதற்குப் பிறகு முறுக்குத் தொட்டதில்லை.

"மாஸ்டர் சாப்பிடேல்லையே?" என்றார் அவர். "எடுங்கோ, இவ சுட்டது. இருவது வருசம் றெஸ்ரோறன்ற் குசினியில நிண்டு கோப்பை கழுவினனான். தண்ணிக்குள்ள நிண்டு நிண்டு போன கால். இதுக்கு ஒரு மரியாதை இருக்குத்தானே."

அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய்ச் சேரும். அந்த இருபது வருடத்துக்காக உலகம் தன் கால்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று மனதார நம்பினார். அதில் கோபமோ அதட்டலோ இருக்காது, அதுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. அதட்டுகிற மனிதனோடு சண்டையாவது போடலாம். இவர் காலை நீட்டிவிட்டுச் சும்மா இருப்பார். யாராவது குனிவார்கள் என்று அவருக்குத் தெரியும். யாராவது குனிந்தார்கள்.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம் சட்டம் போட்டுத் தொங்கியது. பெரிய வியாழன் பூசையில், யேசுநாதர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பங்கில் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார் அல்லவா, அந்தப் படம். ஆனால் படத்தில் பன்னிரண்டு பேர் இல்லை. மற்றப் பதினொரு பேரையும் வெட்டிவிட்டிருந்தார்கள். அவர் இருந்தார். அவருடைய காலடியில் ஒரு சாமியாரின் வழுக்கைத் தலை இருந்தது.

"எல்லாரும் வலக்காலை மட்டுந்தான் நீட்டுறவை" என்று தங்கை பிறகு எனக்குச் சொன்னாள். "இவர் ரெண்டையும் நீட்டுவார். போன வருசம் சாமியார் வேற ஆளைக் கூப்பிட்டிட்டார் எண்டு இவர் ஈஸ்ரர் பூசைக்கே போகேல்லை, அண்ணா."

"இந்த வீட்டுக்கோ என்ர பிள்ளையை அனுப்பச் சொல்லுறாய்?"

"பெடியன் தங்கமான பெடியன். நீங்கள் பெடியனைப் பாருங்கோ, காலைப் பாக்காதேங்கோ."

பெடியனைப் பார்க்க ஆவணியில்தான் வாய்த்தது. அவன் எர்லாங்கனில் பொறியியலாளன், சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். கெவெலார் மாதா திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தான். கெவெலாருக்கு அன்று ஜெர்மனியில் உள்ள எங்கள் சனம் எல்லாம் திரளும், சைவக்காரர்களும் வருவார்கள். அவன்தான் கார் ஓட்டினான். நான் முன்னால், தாயும் தகப்பனும் பின்னால், புளிச்சாதச் சட்டி தாயின் மடியில். உயரமான, அடக்கமான பையன். தமிழைச் சற்று யோசித்து யோசித்துப் பேசினான். எனக்குப் பிடித்திருந்தது. பூசையும் சுற்றுப்பிரகாரமும் முடிந்து காருக்குத் திரும்பும் வரை அவன் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சின்ன நகரத்தில் அவர் காரை நிறுத்தச் சொன்னார். கண்ணாடிக் கதவு, உள்ளே பிளாஸ்ரிக் ஓர்க்கிட் பூ, பொன்னிறப் புத்தர், ஊதுபத்தி. பாரம்பரியத் தாய்லாந்து மசாஜ் என்று பலகையில் எழுதியிருப்பதாகப் பையன் வாசித்துச் சொன்னான்.

"மாதாவிட்ட இருந்து நேர இஞ்சயோ?" என்றேன்.

"மாதாவுக்கு நடந்து நொந்த கால்தானே மாஸ்டர். போய்ப் பிடிச்சுவிடு எண்டு அவவே சொல்லுவா. நான் ரெண்டு பேருக்கும் நேரம் பதிஞ்சு ரெர்மின் எடுத்து வைச்சிருக்கிறன். சம்மந்தி ஆகப்போறவருக்கு நான் செய்யிற உபசாரம். பயப்பிடாதேங்கோ, இது உடுப்போட செய்யிறது."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது. பிறகு எனக்கு மனவருத்தம்."

மனைவி சட்டியோடு காரில் இருந்தார். இறங்கச் சொல்லி மனைவியை அவர் கேட்கவில்லை.

உள்ளே போனதும் எங்கள் சப்பாத்தைக் கழற்றி, வெந்நீர் நிரப்பிய மரப் பாத்திரத்தில் காலை வைக்கச் சொன்னார்கள். பிறகு தொளதொளவென்ற பருத்திக் காற்சட்டை ஒன்று தந்தார்கள். இடுப்பு எனக்கு மூன்று மடங்கு பெரிது. எத்தனை பேர் அதற்குள் இருந்து வியர்த்தார்களோ என்று முகர்ந்து பார்த்தேன். சவர்க்காரம் மணத்தது. சவர்க்காரத்துக்கு அடியிலும் ஏதோ மணத்தது. எங்கள் பங்குச் சனம் யாராவது தெருவால் போய்க் கண்டால் என்ன நினைக்கும் என்ற யோசனை வேறு. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, காத்திருக்கும் நேரத்துக்குக் கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு காலுக்கு நான்கு இடுக்கு, எட்டையும் தோண்டினார். ஊறிய தோல் உருண்டு உருண்டு வந்தது. நான் புத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் அறையில் இரண்டு மெத்தைகள், நடுவே பாதி இழுத்த திரைச்சீலை. பையன் வெளியே இஞ்சித் தேநீரோடு இருந்தான். எனக்கு ஓர் இளம் பெண். அவருக்குக் கடையின் சொந்தக்காரி, ஐம்பது தாண்டியிருக்கும், நரையோடிய கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். என் இடக்காலில் வேலை தொடங்கிவிட்டது. அவள் கட்டைவிரலால் அழுத்தினாள், முழங்காலால் அழுத்தினாள், காலை மடித்து என் வயிற்றோடு சேர்த்துத் தள்ளினாள். அறுபத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முழங்கால் என் தொடையில். கண்ணை மூட வெட்கமாகவும் திறந்து வைக்கக் கூச்சமாகவும் இருந்தது. விரல்களைச் சொடுக்கினாள். ஐந்தில் நான்குதான் சத்தம் கொடுத்தது. ஐந்தாவதை அவள் மறந்துவிட்டாளா என்று தலையைத் திருப்பியபோதுதான் திரைக்கு அந்தப் பக்கம் கண்டேன்.

அந்த அம்மா அவருடைய காலடியில் முழந்தாளிட்டிருந்தார். வேலையை இன்னும் தொடங்கவில்லை. இரண்டு கைகளையும் கூப்பி, கண்களை மூடி, உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டு தலை வணங்கினார். அந்த அம்மாவின் நெற்றி அவர் பாதங்களுக்கு நேரே தாழ்ந்தது.

அவர் தலையணையிலிருந்து மெல்ல எழும்பினார். முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் கெவெலாரிலும் காணவில்லை. முன்னால் சாய்ந்து, வலக்கையை அந்த அம்மாவின் உச்சந்தலையில் வைத்தார். பிறகு, எங்கள் வேதக்காரப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல, கட்டைவிரலால் அந்த நெற்றியில் சிலுவை போட்டார்.

"நல்லா இரு, பிள்ளை" என்றார்.

அந்தக் கை எந்தக் கை என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். கத்தவில்லை. எழுந்து வெளியே போனார், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றியும் முன்மயிரும் ஈரமாக இருந்தன. இந்த முறை முழந்தாளிடவில்லை. நின்றபடி நிதானமாக ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். என் காலைப் பிடித்திருந்த பெண்ணும் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை மாஸ்டர். வெக்கப்படுறா" என்று அவர் சிரித்தார்.

பேச்சுக் கேட்டுப் பையன் உள்ளே வந்திருந்தான். "வெக்கமில்லை, அங்கிள்" என்றான். "கும்பிட்டது அப்பாவை இல்லையாம். தொடங்க முதல் தனக்கு இந்த வேலையைப் படிப்பிச்ச ஆளை நினைச்சுக் கும்பிடுறதாம். தலையில ஆரும் கை வைக்கக்கூடாதாம், அதுவும் காலைத் தொட்ட கையாம். அப்பா மன்னிப்புக் கேக்கட்டாம்."

"நானோ?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "ஆசீர்வாதம் குடுத்ததுக்கோ மன்னிப்பு? என்ர காலடியில இருந்து கும்பிட்டா அது எனக்குத்தான்."

முப்பத்திரண்டு வருடம் நான் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். எங்கோ இருந்த, ஒருவேளை செத்தும் போன ஓர் ஆசிரியருக்கு அந்த அம்மா அனுப்பிய வணக்கத்தை வழியில் மறித்துத் தன் காலில் வாங்கிக்கொண்ட மனிதர் எனக்குச் சம்மந்தியாகப் போகிறார்.

பையன்தான் கை கூப்பினான். தலையைத் தாழ்த்தி, தாழ்ந்த குரலில் இரண்டு வசனம் சொன்னான். அந்த அம்மா அவனுக்குத் தலையசைத்தார். ஆனால் தகப்பனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு வேலை செய்த பெண்ணும் மறுபடி என் காலைத் தொடவில்லை. என் இடக்கால் காற்றுப்போலவும் வலக்கால் பழைய பாரத்தோடும் இருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் கிடந்த மர வாங்கில் அவர் உட்கார்ந்து இரண்டு காலையும் முன்னால் நீட்டினார். யாரையும் கூப்பிடவில்லை. கடைக்காரப் பெண்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நிற்க, பையன் தரையில் முழந்தாளிட்டு, ஒவ்வொரு காலாக எடுத்துக் காலுறை போட்டான், சப்பாத்துப் போட்டான், கயிறு கட்டினான்.

"என்ர பிள்ளை" என்றார் அவர் என்னைப் பார்த்து, பெருமையாக. "பாத்தீங்களே மாஸ்டர், எப்பிடி வளத்திருக்கிறன்."

பார்த்தேன். அந்த இடத்திலேயே எனக்குள் முடிவாகிவிட்டது. தகப்பனின் அசிங்கத்தைவிடப் பையனின் பழக்கப்பட்ட கை எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்தக் கை குனிந்து பழகிவிட்டது. நாளைக்கு என் மகளின் கழுத்தையும் இதே கை குனிய வைக்கும். எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஒருத்தருடைய காலையும் பிடித்ததில்லை. இன்று இரவே மகளுக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என் தீர்மானத்துக்கு அத்தாட்சிபோல, காரில் ஏறியதும் அவர் சப்பாத்துகளை உதறிக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி என் இருக்கையின் பக்கத்தில் வைத்தார். என் தோளுக்கு அருகே ஒரு பெருவிரல் வழி நெடுகிலும் என்னோடு பயணம் செய்தது.

பெற்றோல் நிலையத்தில் பையன் எண்ணெய் அடிக்க இறங்கினான். அவரும், காரில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கழிப்பறைக்குப் போனார். காரில் நானும் அந்த மனைவியும்தான். அதுவரை அந்த அம்மா என்னோடு பேசியதில் தேநீருக்குச் சீனி எத்தனை கரண்டி என்ற கேள்வி ஒன்றுதான் எனக்கு ஞாபகம்.

"அண்ணை" என்றார் பின்னாலிருந்து. "உங்களுக்கு மனம் கோணிட்டுது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"பிள்ளை உள்ளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டவனோ?"

"ஓம். போட்டுவிட்டார்."

"எனக்கு முதுகு ஏலாது அண்ணை, முள்ளந்தண்டில தட்டு விலகினது. அவன் குனியாட்டி நான் குனியோணும். பள்ளிக்கூடம் போற வயசில கண்டு பிடிச்சிட்டான். அண்டையில இருந்து வீட்டில நிண்டா அவன்தான் முந்துவான். இப்ப எர்லாங்கன் போன பிறகு..." அவர் மடியில் இருந்த சட்டியின் மூடியைச் சரிசெய்தார். "நீங்கள் பிள்ளையைக் குடுக்கிறதெண்டா ஒண்டு மட்டும் சொல்லிக் குடுங்கோ. எங்களோட இருக்க வரக்கூடாது எண்டு. அவையள் அங்க தனிய இருக்கட்டும். உந்தக் காலைப் பாக்க நான் இருக்கிறன்."

"இதை உங்கட அவருக்குச் சொல்லலாமோ?"

"நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. உங்கட நிபந்தனை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் மாஸ்டர், உங்களுக்குப் பயப்பிடுவார்."

எனக்கு ஒருவரும் பயந்ததில்லை, என் மாணவர்கள் உட்பட. அவர் திரும்பி வருவது தெரிந்ததும் அந்த அம்மா மறுபடி வாயில்லாதவராகிவிட்டார். அவருடைய கால்கள் கொஞ்ச நேரத்தில் மடியில் வந்து விழும் என்று தெரிந்ததால், சட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார்.

மகளுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நகத்துண்டு ஏழையும் காணாமல் போன மூன்றையும் சொன்னேன்.

"ஐயோ அப்பா, நகத்தை விடுங்கோ" என்றாள். "பெடியன்ர அம்மா காருக்குள்ள கடைசியாச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"காணும் அப்பா, இது போதும். ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் ஒருத்தற்ற காலும் பிடிக்கமாட்டன், அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

முதல் பாதியைத்தான் நான் அவரிடம் சொன்னேன். தனிக்குடித்தனம் என் நிபந்தனை என்றதும், "அதுக்கென்ன, நாங்கள் போய்ப் போய் இருந்திட்டு வருவம்தானே" என்றார்.

போய் இருக்கத்தான் செய்தார். கலியாணம் முடிந்து வந்த முதல் நத்தார்ப் பெருநாளுக்கு எர்லாங்கன் வீட்டின் சோபாவில் உட்கார்ந்து, கேக் வைத்திருந்த மேசையில் காலைத் தூக்கிப் போட்டாராம். மருமகன் எழுந்திருக்க, என் மகள் அவன் கையைப் பிடித்து இருத்திவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் வாளியில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து தரையில் வைத்தாளாம். "தண்ணி வைச்சிருக்கு மாமா" என்று சொல்லி, கேக் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாளாம். அவர் காலை இறக்காமல் காத்திருந்தாராம். கோபமில்லை. வழக்கம்போல, யாராவது வருவார்கள் என்று இருந்தாராம். நீர் ஆறிப்போகிற நேரத்தில் மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய்த் தரையில் உட்கார்ந்தாராம். "எனக்கு அழுகை வந்திட்டுது அப்பா" என்றாள் மகள். "நான் குனியாட்டியும் ஆரோ குனிய வேண்டிக் கிடக்கு." பிறகு வந்த வருடங்களில் அவர் அங்கே போவது குறைந்தது. அந்த வீட்டில் தன் காலுக்கு மரியாதை இல்லை என்று என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

பேரப்பிள்ளையைப் பார்க்க நான் மறுபடி ஜெர்மனியில் இருந்தபோது அவர் இறந்தார். நெஞ்சுவலி, சில கிழமைகள் ஆஸ்பத்திரி, பிறகு முடிந்துவிட்டது. வுப்பர்டாலில், தொங்கு ரயில் போகிற தெருவில், அடக்க வேலைகள் செய்கிற ஒரு ஜெர்மன்காரரின் இடத்தில் வைத்திருந்தார்கள். மருமகனும் அந்த மனிதரும் சேர்ந்து கோட்டும் சூட்டும் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். மனைவி, நான், பேப்பர்ப் பையோடு என் மகள்.

நான் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். கண் நேரே கால்மாட்டுக்குப் போய்விட்டது. கறுப்புக் காலுறை. ஆஸ்பத்திரியில் யாரும் நகம் வெட்டவில்லை போலும், வலது பெருவிரல் நகம் காலுறையைத் துளைத்து வெளியே வந்திருந்தது. செத்தவர் மேல் அருவருப்புப் படக்கூடாது என்று எனக்குத் தெரியும். பட்டேன்.

சப்பாத்துப் போடுவதா என்று அந்த ஜெர்மன்காரர் கேட்டார். இங்கே பலர் போடுவதில்லையாம், வீட்டாரின் விருப்பமாம். மருமகன் தாய்க்குத் தமிழில் சொன்னான். அவர் கால்மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மருமகன் முன்னால் ஓரடி வைத்தான். அதற்குள் என் மகள் பையைத் திறந்து, துடைத்து வைத்திருந்த சப்பாத்துகளை வெளியே எடுத்துவிட்டாள். பெட்டியின் கால்மாட்டுக்குப் போனாள். அத்தனை வருடம் பிடிவாதமாக நிமிர்ந்து நின்றவள், மரணத்துக்கு விட்டுக்கொடுத்துக் குனியத் தொடங்கினாள்.

"பிள்ளை" என்றார் அந்த அம்மா. "வை அதை."

"மாமி, வெறுங்காலோட அனுப்பினா ஆக்கள் என்ன..."

"அவர் இனி நிக்கிறேல்லை. காணும்."

கையை நீட்டிச் சப்பாத்துகளை வாங்கினார். ஒன்றோடொன்று முட்டாமல் பையில் வைத்து, பையின் வாயை மடித்து, தன் கையில் தொங்கவிட்டுக்கொண்டார். ஜெர்மன்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவரையும் சேர்த்து, பெட்டியைச் சுற்றி ஐந்து பேர் நின்றோம். ஒருவரும் குனியவில்லை.